எல்.கே.ஜி. ஃபீஸ் 38,000 என்றார்கள். கையில் எவ்வளவு வேண்டும்?

6 ஏப்ரல் 2025, காலை (கேள்வி)

கரூர். பெண் குழந்தையை ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கணும். மெட்ரிக் பள்ளி. ‘வருஷ ஃபீஸ் 38,000, மூணு டேர்மாக் கட்டலாம்’ என்று ஆபீசில் சொன்னார்கள். வீட்டில் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 45,000. டேர்முக்கு 13,000 எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானே?

6 ஏப்ரல், இரவு

சரியில்லை. 38,000 என்பது பள்ளி வாயால் சொல்லும் எண். உங்கள் பையிலிருந்து போகப்போவது வேறு எண். நடுத்தரப் பள்ளி ஒன்றை மனதில் வைத்து மாதிரிக் கணக்கு போடுகிறேன். உங்கள் பள்ளியின் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் 500. சேர்க்கைக் கட்டணம் 10,000 (திரும்ப வராது). காஷன் டெபாசிட் 5,000 (வரும், கேட்டால்). ஆண்டுக் கட்டணம் 38,000. புத்தகம், நோட்டு சேர்ந்த கிட் 4,500. சீருடை இரண்டு செட், விளையாட்டு உடை ஒரு செட் 3,600. கறுப்பு ஷூ, வெள்ளை கான்வாஸ், சாக்ஸ் 1,400. ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி 3,000. வேன் மாதம் 1,300 வீதம் 11 மாதம் 14,300. ஆண்டு விழா டிரெஸ் வாடகை, குரூப் ஃபோட்டோ, பூங்காவுக்கு ஒருநாள் சுற்றுலா என்று உதிரியாக 2,500.

கூட்டினால் 82,800. சொன்ன ஃபீஸைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

வருட மொத்தத்தைவிட ஜூன் முதல் வாரம்தான் கழுத்தைப் பிடிக்கும். முதல் டேர்ம் மூன்றில் ஒரு பங்காக இருக்காது, பல பள்ளிகளில் 40 சதவீதம் வைப்பார்கள். அது 15,200. அதோடு விண்ணப்பம், சேர்க்கை, டெபாசிட், கிட், சீருடை, ஷூ, ஆக்டிவிட்டி, ஜூன் மாத வேன். எல்லாம் சேர்த்து 44,500. உங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளம் அப்படியே. 13,000 எடுத்துக்கொண்டு போனால் கவுண்டரிலேயே நிற்க வேண்டியதுதான்.

8 ஏப்ரல்

வேன் கணக்கில் இரண்டு திருத்தம்.

11 மாதம் என்று எழுதினேன். மே மாதத்துக்கும் வாங்கி 12 ஆக்கும் வேன்காரர்கள் உண்டு, சீட்டை அடுத்த வருடத்துக்குப் பிடித்து வைக்க என்பார்கள். பள்ளியின் சொந்த வண்டி என்றால் பெரும்பாலும் 10 மாதத்தை இரண்டாகப் பிரித்து டேர்மோடு வாங்கிவிடுவார்கள். அப்படியானால் ஜூனில் கட்டுவது 1,300 இல்லை, 6,500. முதலிலேயே கேளுங்கள்.

இரண்டாவது பெரியது, நான் விட்டுவிட்டேன். எல்.கே.ஜி. பல இடங்களில் 12.30க்கு முடிகிறது. வேனோ 3.30க்குத்தான் கிளம்பும். நடுவில் மூன்று மணி நேரம் குழந்தை எங்கே? ‘டே கேர்’ என்று ஓர் அறை இருக்கும், அதற்குத் தனி மாதக் கட்டணம். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது விருப்பச் செலவு இல்லை. மாதம் 1,500 என்றாலும் பத்து மாதத்துக்கு 15,000. மதிய வேன் உண்டா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்வியால் மிச்சமாகும் தொகை, சேர்க்கைக் கட்டணத்தில் பேரம் பேசிக் கிடைப்பதைவிட அதிகம்.

9 ஏப்ரல்

கோவைக்காரர் ஒருவர், ‘எப்படியும் கட்டத்தான் போகிறோம், எந்தப் பெயரில் கட்டினால் என்ன?’ என்கிறார்.

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. அதே 10,000 ரூபாய் ரசீதில் ‘கல்விக் கட்டணம்’ என்று இருந்தால் வருமான வரியில் காட்டலாம். ‘டெபாசிட்’ என்றிருந்தால் விலகும்போது திரும்ப வாங்கலாம். ‘சேர்க்கை’ என்றிருந்தால் இரண்டும் இல்லை. ‘அறக்கட்டளை நன்கொடை’ என்று வேறொரு ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தால், காகிதத்தின்படி அது பள்ளிக்கே கட்டிய பணம் இல்லை. ரசீதே இல்லையென்றால் அந்தப் பணம் இருந்ததாகவே யாரிடமும் நிரூபிக்க முடியாது.

எனவே கட்டும் முன், ‘இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்டதற்காக சீட்டை மறுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ரசீது எழுதும் அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

நன்கொடை ரசீதை வைத்து வருமான வரியில் 80 ஜி பிரிவின் நன்கொடைக் கழிவு கேட்கலாமே என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். சீட்டுக்காகக் கொடுத்தது நன்கொடை ஆகாது. போதாததற்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80 ஜி கிடையாது. இந்த வகைப் பணத்தை அவர்கள் ரொக்கமாக மட்டும்தானே கேட்பார்கள்.

15 ஏப்ரல்

கட்டண நிர்ணயக் குழு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை முறைப்படுத்துதல்) சட்டம் 2009-ல் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிப்பார்கள், எல்.கே.ஜி., யு.கே.ஜி. உட்பட. ஓர் ஆணை மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். ‘நாங்க சிபிஎஸ்இ, எங்களுக்கு அது பொருந்தாது’ என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது.

பள்ளியில் கேட்க வேண்டியது மூன்று. ஆணை எண் என்ன, எந்த மூன்று ஆண்டுக்கு, அதில் எல்.கே.ஜி. வரிசையில் எவ்வளவு. வேன், புத்தகம், சீருடை ஆகியவை அந்த எண்ணில் வராது. ‘ஆணைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை’ என்று பள்ளி சொல்வது பல நேரம் உண்மைதான், மிச்சம் எல்லாம் கிட்டிலும் ஆக்டிவிட்டியிலும் உட்கார்ந்திருக்கும்.

கூடுதலாக வாங்கியதாகப் புகார் செய்வதென்றால் குழுவுக்கோ, மாவட்டக் கல்வி அலுவலருக்கோ (தனியார் பள்ளிகள்) எழுதலாம். ரசீது நகல் இல்லாத புகார் நகராது.

27 ஏப்ரல்

கேள்வி கேட்டவருக்கு ஆர்.டி.இ. பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் பிரிவு 12(1)(சி): சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழை, பின்தங்கிய குடும்பக் குழந்தைகளுக்கு, கட்டணம் இல்லாமல். எல்.கே.ஜி. இருக்கும் பள்ளியில் அதுதான் நுழைவு வகுப்பு.

வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் இருந்தால்தான் என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அந்த வரம்பு ‘நலிவடைந்த பிரிவினர்’ என்ற வழிக்குத்தான். ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்ற இன்னொரு வழி இருக்கிறது. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. சாதிச் சான்றோடு அதில் போகலாம். மாதம் 45,000 வாங்கும் வீட்டுக்கும் கதவு திறந்திருக்கிறது.

தேவையானவை: பிறப்புச் சான்று, முகவரிக்குக் குடும்ப அட்டை, ஆதார், ஃபோட்டோ, சாதிச் சான்று அல்லது வருமானச் சான்று. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து பள்ளிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். கெடுவது எங்கே என்றால், வாடகை வீடு மாறியவர்களின் குடும்ப அட்டை பழைய முகவரியில் இருக்கும். வரைபடத்தில் பள்ளி 1.3 கி.மீ. என்று காட்டும், கதை முடிந்தது. முகவரி மாற்றத்தை இப்போதே இ-சேவையில் போடுங்கள்.

கடந்த ஆண்டு ஏப்ரல் 22 முதல் மே 20 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் இணையதளம் இன்னும் திறக்கவில்லை. ஓரிரு நாளில் திறக்கும்.

2 மே

‘ஓரிரு நாளில் திறக்கும்’ என்று மேலே எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். இன்னும் திறக்கவில்லை.

அதுவரை சீருடை. மூன்றரை வயதுக்கு இரண்டு செட் போதாது. சட்டை போதும், கால்சட்டையும் பாவாடையும் போதாது. காரணம் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், ஜூன் ஜூலையில் தினமும் ஒரு ஜோடி ஈரமாக வீட்டுக்கு வரும். பள்ளிக் கடையில் முழு செட்டாகத்தான் தருவார்கள். கீழுடை மட்டும் கூடுதலாக இரண்டு தரச்சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அதே நிறத்தில் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுங்கள். இடுப்பில் எலாஸ்டிக், கொக்கியோ ஜிப்போ வேண்டாம், தானே இறக்கத் தெரிய வேண்டும். பினஃபோர் என்றால் கீழே மூன்று அங்குலம் மடித்துத் தைக்கச் சொன்னால் யு.கே.ஜி. பாதி வரை இழுக்கலாம். ஷூவை மட்டும் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள், தடுக்கி விழும். அது எப்படியும் ஆறு மாதப் பொருள்.

புத்தகத்தில் மிச்சம் பிடிக்க வழி குறைவு. பெரிய வகுப்பில் அண்ணன் புத்தகம் தம்பிக்கு ஆகும். எல்.கே.ஜி. புத்தகம் பெரும்பாலும் எழுதி, ஒட்டி, வண்ணம் தீட்டித் தீர்ப்பது. ஒரு குழந்தையோடு முடிந்துவிடும். கிட்டைப் பிரித்துப் பாருங்கள். நாலு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, சித்திர நோட்டு ஆகியவற்றின் விலை கடையில் தெரிந்துவிடும். தனியார் பதிப்பகத்தின் ரைம்ஸ் புத்தகத்துக்கு அச்சிட்ட விலைதான் விலை, ஒப்பிட வேறு கடை இல்லை. கிட்டின் கொழுப்பு அங்கேதான். 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை மழலை வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. பள்ளியோ சின்னம் அச்சிட்ட பையையும் கிட்டில் சேர்த்து விற்கிறது.

20 மே

‘வட்டியில்லா இஎம்ஐ’ நோட்டீஸ் எல்லாப் பள்ளி வாசலிலும் நிற்கிறது. கணக்கைப் பிரிப்போம்.

ஆண்டுக் கட்டணம் 60,000 என்று வையுங்கள். மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதாவது 57,000. இஎம்ஐ என்றால் மாதம் 6,000 வீதம் பத்து மாதம், முதல் தவணை அன்றே. செயலாக்கக் கட்டணம் ஒன்றரை சதவீதம் 900, அதற்கு ஜி.எஸ்.டி. 162. ஆக உங்களுக்கு 61,062. உண்மையான ரொக்க விலை 57,000. வித்தியாசம் 4,062 ரூபாய்.

நாலாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளே 7,062 கையை விட்டுப் போய்விட்டதால் நீங்கள் கடன் வாங்கியது 49,938 மட்டும், அதையும் மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆண்டு வட்டியாக மாற்றினால் சுமார் 19 சதவீதம். வங்கி நகைக் கடன் இதில் பாதி வட்டிக்குக் கிடைக்கும். ஜூன் மாதம் வளையல் வங்கிக்குப் போவது நம் ஊரில் புதிதில்லை, அதுவே இதைவிட மலிவு.

தள்ளுபடி தராத பள்ளியில் வித்தியாசம் 1,062 மட்டும், அங்கே இஎம்ஐ தப்பில்லை. ஆனால் தானியங்கிப் பற்று வைக்கிறார்கள், தவணை நாளில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். சம்பளம் 7-ஆம் தேதி வருகிறவர் 5-ஆம் தேதிக்குக் கையெழுத்துப் போட்டால், கணக்கில் பணமில்லாமல் பற்று திரும்பும் ஒவ்வொரு மாதமும் இஎம்ஐ தரும் கடன் நிறுவனம் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம். இன்னொன்று: பாதியில் பள்ளி மாறினால் கடன் பள்ளியோடு போகாது, உங்களோடு வரும். பள்ளிக்கு முழுப் பணமும் ஜூனிலேயே போய்விட்டது.

அடுத்த குழந்தைக்காக யோசிப்பவர்கள் இந்த ஜூலையில் மாதம் 4,050 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டால் 11 தவணையில் 44,550, வட்டி தனி. மேலே சொன்ன ஜூன் தொகைக்கு அது சரியாகும்.

12 ஜூன்

ஆர்.டி.இ. தளம் இன்னும் மூடியே கிடக்கிறது. பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு மாநிலத்துக்குத் தரும் சமக்ர சிக்ஷா நிதியை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று நிறுத்திவைத்ததில் மாட்டிக்கொண்டது. ஆர்.டி.இ. பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று உயர் நீதிமன்றம் இந்த வாரம் சொல்லியிருக்கிறது. ஆனால் பள்ளி திறந்துவிட்டது. காத்திருந்தவர்கள் காசு கட்டிச் சேர்த்துவிட்டார்கள்.

ஒரே யோசனை: கட்டியவர்கள் ரசீதை எங்கேயும் தொலைக்காதீர்கள். 9 ஏப்ரல் குறிப்பைப் பாருங்கள். பின்னால் உதவலாம்.

5 ஜூலை

வரி. வருமான வரிச் சட்டத்தின் 80 சி கழிவில் இரண்டு குழந்தைகளின் கல்விக் கட்டணம் சேரும். விளையாட்டுப் பள்ளி, பிரீ கேஜி, நர்சரியும் இதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. முழுநேரப் படிப்புக்கான கல்விக் கட்டணம் மட்டும்தான். வளர்ச்சி நிதி, நன்கொடை, வேன் சேராது. 38,000-ஐ ‘டியூஷன் 20,000, டெவலப்மென்ட் 18,000’ என்று ரசீதில் பிரித்திருந்தால் உங்களுக்கு 20,000-தான். அப்பா இரண்டு குழந்தைக்கு, அம்மா இரண்டு குழந்தைக்கு என்று தனித்தனியே கோரலாம், யார் கட்டினாரோ அவர்.

20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 38,000-க்கு மிச்சமாவது 7,904 ரூபாய். பழைய வரி முறையில் மட்டும். அதுவும் பி.எஃப்., இன்சூரன்ஸ் சேர்ந்தே 1.5 லட்சத்தை நிரப்பியிருந்தால் ஒன்றும் மிஞ்சாது. கேள்வி கேட்டவர் வீட்டில் மாதம் 45,000, அதுவும் இருவர் பெயரில். வரியே இல்லாதவருக்கு வரி விலக்கு சொல்லிக்கொடுப்பது மொட்டைத் தலைக்குச் சீப்பு விற்பது போல. மற்றவர்களுக்காக எழுதினேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு கணக்கு. குழந்தைகள் கல்விப் படி மாதம் 2,812.50, ஆண்டுக்கு 33,750, இரண்டு குழந்தைகளுக்கு. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய இரண்டு வகுப்புகளுக்கும் உண்டு. பிரீ கேஜிக்கு இல்லை. செலவுக் கணக்கு காட்ட வேண்டாம், அந்த ஆண்டு குழந்தை அங்கே படித்தது என்று தலைமை ஆசிரியர் தரும் சான்று போதும். இருவரும் அரசு ஊழியர் என்றால் ஒருவர்தான் கோரலாம்.

6 ஜூலை

‘இவ்வளவு எதற்கு, அங்கன்வாடி இருக்கே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அங்கன்வாடியில் காசில்லை, சாப்பாடும் முட்டையும் உண்டு. 2019-ல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள், ஆசிரியர் தினமும் வருகிறாரா என்பது ஒன்றுதான் பார்க்க வேண்டியது.

மாதிரிக் கணக்கில் முதல் வருடம் 82,800. இரண்டாம் வருடம் ஒருமுறைச் செலவுகள் 15,500 போய், கட்டணம் பத்து சதவீதம் ஏறினால் 71,100. இரண்டும் சேர்த்து 1,53,900, அங்கன்வாடியில் போட்டால் இது மிச்சம். பிறகு ஒன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிதான் என்றால் ஓர் இடைஞ்சல்: யு.கே.ஜி. பிள்ளைகள் மேலேறி வந்து இடத்தை நிரப்பியிருப்பார்கள், மிஞ்சும் இடம் கொஞ்சம். அரசுப் பள்ளியில் தொடரப்போகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை.

24 செப்டம்பர்

22-ஆம் தேதி முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. ‘கிட் விலை இறங்குமா?’ என்கிறார்கள். அச்சுப் புத்தகத்துக்கு முன்பே வரி இல்லை. கல்விக் கட்டணத்துக்கும் இல்லை. 4,500 ரூபாய்க் கிட்டில் நோட்டு 600 ரூபாய் என்றால், 12 சதவீதம் போனதில் இறங்க வேண்டியது 64 ரூபாய். அதுவும் அடுத்த ஜூனில். கிட்டை மொத்த விலையாகவே சொல்வார்கள் என்பதால் அந்த 64-ஐ யாரும் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

9 அக்டோபர்

ஆர்.டி.இ. ஒருவழியாகத் தொடங்கியது. தளம் திறந்து புதிதாக விண்ணப்பம் வாங்கவில்லை. ஏற்கெனவே எல்.கே.ஜி.யில் சேர்ந்திருக்கும் குழந்தைகளிலிருந்தே தகுதியுள்ளவர்களை எடுக்கிறார்கள், 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குலுக்கல். தேர்வான குழந்தைக்கு வாங்கிய கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தர வேண்டும். கரூர்க்காரரே, சான்றுகளோடு நாளைக்கே பள்ளிக்குப் போங்கள்.

10 அக்டோபர்

அவசரத்தில் எழுதியதற்கு ஒரு திருத்தம். ‘கட்டணம்’ திரும்பும் என்றேன், கட்டியதெல்லாம் திரும்பும் என்று படித்துவிட்டார்கள். வேன் பணம் வராது. கிட், சீருடைப் பணத்தைப் பள்ளி கையைப் பிசைந்துகொண்டு மறுக்கும். அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, கவுண்டரில் அதைச் சொன்னால் ‘எங்களுக்கு ஆர்டர் வரலை’ என்பார்கள். எழுத்தில் கேட்டு வையுங்கள். ரசீதில் ஆக்டிவிட்டி என்று தனியாக எழுதியிருந்தால் அதற்கும் இழுபறி இருக்கும்.

30 நவம்பர்

அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பம் இப்போதே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே வயது. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிய வேண்டும். மூன்று வயதில் எல்.கே.ஜி. போட்ட குழந்தை யு.கே.ஜி. முடிக்கும்போது ஐந்தில்தான் நிற்கும். மாற்றலாகிற வேலையில் இருப்பவர்கள் அப்போது யு.கே.ஜி.யை இன்னொரு முறை படிக்க வைக்க வேண்டிவரும். மேலே போட்ட கணக்கில் அது ஒரு 71,100. கே.வி. எண்ணம் இருந்தால் நாலு வயதில் சேருங்கள்.

எல்.கே.ஜி. முடித்துப் பள்ளி மாறுகிறவர்கள் டி.சி. வாங்கினால் மட்டும் போதாது. குழந்தைக்கு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) எண் போட்டிருப்பார்கள், பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பாவிட்டால் புதிய பள்ளியால் ஏற்ற முடியாது. பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தக் கூடாது, டி.சி.யில் ‘கட்டணம் பாக்கி’ என்று எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எமிஸ் அனுப்பியாகிவிட்டதா என்று அலுவலகத்தில் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

அந்த 5,000 டெபாசிட்டையும் அன்றே கேளுங்கள். அசல் ரசீது வேண்டும் என்பார்கள். வெப்பத்தாளில் அடித்த ரசீது ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்தால் 14 வருடம். கட்டிய அன்றே நகல் எடுத்து, அதில் பள்ளி முத்திரை வாங்கி, பிறப்புச் சான்று இருக்கும் உறையில் போட்டு வையுங்கள்.